நுண்ணலை பட்ட மரம் எப்படி ஒலிக்கும்?

ஒரே ஸ்புரூஸ் மரத்திடம் வயலின் செய்கிறவர் கேட்பது ஒன்று, அரங்கம் கட்டுகிறவர் கேட்பது அதற்கு நேர் எதிரான இன்னொன்று. தட்டினால் நீண்டு ஒலிக்கும் பலகை முன்னவருக்கு வேண்டும். தந்தியிலிருந்து வரும் ஆற்றலை உள்ளே வீணடிக்காமல் அது காற்றுக்குக் கடத்த வேண்டும். பின்னவருக்கோ தன்மேல் விழும் ஒலியை விழுங்கிக்கொள்ளும் பலகை வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி பேச்சைக் குழப்பிவிடக் கூடாது.

ஈரமுள்ள மென்மரத்தை வலிமையான நுண்ணலைக்கு (மைக்ரோவேவ்) உட்படுத்தினால் அதன் ஒலிப்பண்புகள் மாறுகின்றன. இதில் ஐயமில்லை. ஆனால் மாற்றம் எந்தத் திசையில், யாருக்கு ஆதாயமாக என்று கேட்காமலே 'மரத்தின் ஒலிப்பண்பு மேம்பட்டது' என்று எழுதிவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. இக்கட்டுரையின் வாதத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். நுண்ணலையின் செறிவு கூடக் கூட, மென்மரம் ஒலிக்கும் பொருள் என்ற நிலையிலிருந்து ஒலியை உறிஞ்சும் பொருள் என்ற நிலைக்கு நகர்கிறது. இந்த நகர்வுக்கான காரணம் மரத்தின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது.

மென்மரத்தின் உள்ளமைப்பு

ஸ்புரூஸ், பைன், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்களின் கட்டை பெரும்பாலும் ஒரே வகைச் செல்லால் ஆனது. டிரக்கீடு எனப்படும் அந்தச் செல்கள் கட்டையின் பருமனில் 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள, இருமுனையும் மூடிய நுண்குழாய். அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. இவை அடிமரத்தின் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருப்பதால்தான் ஒலி அந்தத் திசையில் அத்தனை விரைவாக ஓடுகிறது. நல்ல ஸ்புரூஸில் நீளவாக்கில் ஒலிவேகம் நொடிக்கு 5,000 முதல் 6,000 மீட்டர். எஃகுக் கம்பியில் ஒலி செல்லும் வேகமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் எஃகின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,800 கிலோ, ஸ்புரூஸின் அடர்த்தி 400 முதல் 450 கிலோ. எஃகைப் போல் விரைவாக ஒலியைக் கடத்திக்கொண்டே இவ்வளவு லேசாகவும் இருப்பதுதான் ஸ்புரூஸை இசைக்கருவிகளின் மரமாக்கியது.

டிரக்கீடுகளின் பக்கச்சுவர்களில் விளிம்புடைய குழிகள் உண்டு. உயிருள்ள மரத்தில் நீர் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வாசல்கள் அவை. ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு மெல்லிய சவ்வும், அதன் மையத்தில் தடித்த ஒரு வட்டும் இருக்கும். கட்டை உலரும்போது அந்த வட்டு ஒருபக்கம் இழுபட்டு, வாசலை அடைத்துவிடுகிறது. உலர்ந்த ஸ்புரூஸில் பாதுகாப்பு மருந்தை ஏற்றுவது கடினமாக இருப்பதற்கும், காற்று அதனுள் எளிதில் புகாமல் இருப்பதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

மூன்றாவதாகக் கவனிக்க வேண்டியவை கதிர்ச் செல்கள். மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிக் கிடைமட்டமாக ஓடும் இவற்றின் சுவர்கள் மெல்லியவை. மரத்தின் அமைப்பில் இவையே பலவீனமான இடங்கள்.

நுண்ணலை உள்ளே செய்வது

சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் உள்ள அலையின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ். தொழிற்சாலைகளில் 915 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் பயன்படுகின்றன. அதிர்வெண் குறைந்தால் அலை ஆழமாக ஊடுருவும் என்பதால், தடித்த கட்டைகளுக்கு இதுவே பொருந்தும். இந்த அலைகள் மரத்தில் முதலில் பிடித்துக்கொள்வது நீரைத்தான். முழுவதும் உலர்ந்த மரத்தின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2, நீரின் மாறிலி ஏறத்தாழ 80. வெப்பம் மேற்பரப்பிலிருந்து மெல்ல உள்ளே பரவுவதற்குப் பதில், நீர் இருக்கும் இடத்திலேயே பிறக்கிறது.

செறிவு குறைவாக இருந்தால் நீராவி பொறுமையாக வெளியேறும், மரம் உலரும், அவ்வளவுதான். செறிவைப் பல மடங்கு உயர்த்தினால் நிலைமை வேறு. நீராவி வெளியேறும் வேகத்தை அது பிறக்கும் வேகம் மிஞ்சிவிடும். மூடிய குக்கரைப்போல ஒவ்வொரு செல்லிலும் அழுத்தம் ஏறும். 120 டிகிரி செல்சியஸில் நிறைநீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு, 140 டிகிரியில் மூன்றரை மடங்குக்கும் மேல். அதே வெப்பநிலையில் ஈரமரத்தின் செல் சுவர்களைப் பிணைக்கும் லிக்னின் இளகியும் இருக்கிறது. அழுத்தம் ஏறி, சுவர் இளகும் அந்தச் சில நிமிடங்களில்தான் மாற்றம் நிகழ்கிறது. முதலில் குழிச் சவ்வுகள் கிழிகின்றன. அடுத்து கதிர்ச் செல்கள் உடைகின்றன. செறிவு மேலும் கூடினால், உடைந்த கதிர்களின் வழியே நீளவாக்கில் நுண்விரிசல்கள் ஓடுகின்றன.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிகோரி டோர்கோவ்னிகோவும் பீட்டர் விண்டனும் இந்த வழிமுறையைத் தொழில்நுட்பமாக வளர்த்தவர்கள். மரத்தின் மின்காப்புப் பண்புகள் பற்றி டோர்கோவ்னிகோவ் 1993இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. இவர்களின் முதல் நோக்கம் ஒலி அன்று. மருந்தும் பிசினும் எளிதில் ஏறும்படி மரத்தின் ஊடுருவுதிறனைக் கூட்டுவதே நோக்கம். அதில் பெரும் வெற்றி கண்டார்கள். செறிவான சிகிச்சைக்குப் பிறகு மரத்தின் பருமனே கூடிவிடுகிறது, அதனால் அடர்த்தி குறைகிறது. ஒலியியலாளர்களின் கவனம் இதன் பிறகே இப்பக்கம் திரும்பியது.

வேறொரு வெப்ப முறையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்லாந்தில் பெயர்பெற்ற வெப்பச் சிகிச்சையில் மரத்தை 185 டிகிரிக்கும் மேல் மணிக்கணக்கில் வைக்கிறார்கள். அங்கே செல் சுவரின் ஒரு கூறான ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது, மரத்தின் வேதியியல் மாறுகிறது. நுண்ணலைச் சிகிச்சை நிமிடங்களில் முடிவது, வெப்பமும் அதைவிடக் குறைவு. ஆகவே இங்கு நிகழ்வது பெரும்பாலும் செல் கட்டமைப்பின் இயந்திரவியல் மாற்றம்.

ஒலியை நிர்ணயிக்கும் மூன்று எண்கள்

இசைக்கருவிக்கான மரத்தை மதிப்பிட மூன்று அளவுகள் போதும். அடர்த்தி ஒன்று. நீளவாக்கில் மரம் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் யங் குணகம் இரண்டு. அதிர்வின் ஆற்றலில் எவ்வளவு உள்ளுக்குள்ளேயே வெப்பமாகக் கரைகிறது என்று காட்டும் தணிவு மூன்று. யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் ஒலிவேகம் கிடைக்கும். ஒலிவேகத்தை மீண்டும் அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது ஒலிபரப்புக் குணகம். பலகை தன் அதிர்வை எவ்வளவு நன்றாகக் காற்றில் ஒலியாக வெளியிடும் என்பதை அது சொல்கிறது.

இவற்றை அளக்க மரத்தை முறிக்க வேண்டியதில்லை. 300 மில்லிமீட்டர் நீளமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு ஸ்புரூஸ் துண்டை எடுத்துக்கொள்வோம். இரு முனைகளிலிருந்தும் 67 மில்லிமீட்டர் தள்ளி இரண்டு மெல்லிய நூல்களில் அதைத் தொங்கவிட வேண்டும். முதல் அதிர்வுப் பாங்கில் அந்த இரு இடங்களும் அசையாப் புள்ளிகள். முனையில் லேசாகத் தட்டி, ஒலிவாங்கியில் பதிவுசெய்து, அதிர்வெண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒலிவேகம் நொடிக்கு 5,000 மீட்டராக இருந்தால் முதல் அதிர்வெண் ஏறத்தாழ 570 ஹெர்ட்ஸில் நிற்கும். அந்த ஒலி தேய்ந்து மறையும் வேகம் தணிவைத் தரும். ஸ்புரூஸின் வழக்கமான தணிவில், வீச்சு பத்தில் ஒன்றாகக் குறைய ஏறத்தாழ 0.18 நொடி ஆகும்.

சிகிச்சைக்குப் பிறகு அதே துண்டு 560 ஹெர்ட்ஸில் ஒலித்தால், விறைப்புக்கும் அடர்த்திக்குமான விகிதம் 4 சதவீத அளவுக்குச் சரிந்திருக்கிறது என்று பொருள். ஆனால் துண்டின் தடிமனை மறுபடி அளந்த பிறகே இதைச் சொல்லலாம். நுண்ணலையில் மரம் பருத்திருக்கும். பழைய தடிமனையே கணக்கில் போட்டால் விடை பிழையாகிவிடும்.

ஜப்பானில் ஓனோவும் நோரிமோட்டோவும் 1983இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. மென்மரங்களில் விறைப்பு-அடர்த்தி விகிதம் கூடினால் தணிவு குறையும் என்ற ஒழுங்கை அவர்கள் காட்டினார்கள். செல் சுவரின் செல்லுலோஸ் நுண்ணிழைகள் எவ்வளவு நேராக நீளவாக்கில் படுத்திருக்கின்றன என்பதே இரண்டையும் ஆள்கிறது. நுண்ணலையால் இந்த இழைகளின் கோணத்தை மாற்ற முடியாது. எனவே மட்டமான மரத்தை நுண்ணலையில் வைத்து உயர்தர வயலின் மரமாக்கிவிடலாம் என்ற எண்ணத்துக்கு உள்ளமைப்பில் இடமில்லை.

விரிசலின் திசைதான் தீர்ப்பு

நுண்ணலை உண்டாக்கும் விரிசல்கள் எந்தத் திசையிலும் வருபவை அல்ல. கதிர்களும் டிரக்கீடுகளும் சேர்ந்து அமைக்கும் தளத்தில்தான் அவை ஓடுகின்றன. பலகையை எந்த வாக்கில் அறுத்தோம் என்பதைப் பொறுத்து, அதே விரிசல் இரு வேறு வேலைகளைச் செய்கிறது.

வயலினின் மேல்பலகைக்கு, அடிமரத்தை ஆரத்தின் வழியே பிளந்து, ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி எடுப்பார்கள். அப்படி எடுத்தால் கதிர்கள் பலகையின் முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கும். இந்தக் கட்டையில் நுண்ணலை விரிசல் வந்தால், அது பலகையின் தடிமனுக்குள்ளே ஏடு ஏடாகப் பிரிவது போலாகிவிடும். வேலை முடிந்த மேல்பலகையின் தடிமனோ வெறும் 3 மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் ஒரு விரிசல் படுத்திருந்தால் வளைவின்போது இரு பரப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று உரசும், தணிவு கூடும், ஒலி மங்கும்.

வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்த பலகையில் கதிர்கள் தடிமனின் குறுக்கே நிற்கும். அங்கே அதே விரிசல் முகத்தில் நீளமான நுண்கோடாகத் திறக்கும். காற்று உள்ளே புக வழி கிடைக்கும். உறிஞ்சும் பலகைக்கு வேண்டியது இதுதான்.

நீளவாக்கில் விறைப்பு ஓரளவு காப்பாற்றப்படுகிறது. விரிசல் இழைகளுக்கு இணையாக ஓடுவதால் அவற்றைக் குறுக்கே வெட்டுவதில்லை. குறுக்கு விறைப்பும் சறுக்கு விறைப்பும்தான் பெரிதும் அடிவாங்குகின்றன. ஆனால் இசைப்பலகை நீளவாக்கில் மட்டும் அதிர்வதில்லை. குறுக்கு விறைப்பு குலைந்தால் அதன் அதிர்வுப் பாங்குகள் எல்லாமே இடம் மாறும்.

ஆய்வு இலக்கியத்தில் தென்படும் முரணான முடிவுகளும், விரிசல் உண்டாகும் அளவுக்குச் செறிவு இருந்ததா என்று பார்த்தால் தெளிவாகின்றன. சுவீடனின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹான்சனும் ஆன்ட்டியும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணலையில் உலர்த்திய ஸ்புரூஸுக்கும் வழக்கமான முறையில் உலர்த்திய ஸ்புரூஸுக்கும் வலிமையில் வேறுபாடு தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் கரீபிய பைன் மரத்தில் 2000இல் செய்த ஆய்வோ, வலிமை 60 சதவீதம் வரை குறையலாம் என்றது. மரவகை வேறு என்பதோடு செறிவும் வேறு. உலர்த்துவதும் உடைப்பதும் ஒரே கருவியால் செய்யப்படும் இரண்டு தனித்தனி வேலைகள்.

ஈரப்பதம் என்னும் பொறி

இத்துறையில் எளிதில் ஏமாற்றிவிடும் காரணி ஈரப்பதம். நுண்ணலையில் வைத்த மரம் உலர்கிறது. உலர்ந்த மரம் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே நன்றாக ஒலிக்கும். இந்த இரண்டையும் பிரிக்காத ஆய்வு, மரம் உலர்ந்ததை அளந்துவிட்டு நுண்ணலைக்குப் பெருமை சேர்க்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈரப்பதம் ஒரு சதவீதப் புள்ளி குறைந்தால் நீளவாக்கு விறைப்பு ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் கூடும். ஈரப்பதம் 12லிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால் விறைப்பு சுமார் 6 சதவீதம் ஏறும். நீர் போனதால் எடை குறையும், மரம் சற்றுச் சுருங்கும். இரண்டையும் சேர்த்தால் அடர்த்தி ஏறத்தாழ 2 சதவீதம் இறங்கும். ஒலிவேகம் 4 சதவீதமும் ஒலிபரப்புக் குணகம் 6 சதவீதமும் கூடிவிடும். இவை தோராயமான எண்கள்தான். ஆனாலும் '6 சதவீத முன்னேற்றம்' என்று தலைப்பிடப் போதுமானவை. அடுத்த மழைக்காலத்தில் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும்போது அந்த முன்னேற்றம் காணாமல் போகும்.

இதற்கு ஒரே மருந்து, சிகிச்சை பெற்ற துண்டையும் பெறாத துண்டையும் 20 டிகிரி வெப்பத்திலும் 65 சதவீத ஒப்பு ஈரப்பதத்திலும், எடை மாறாத நிலை வரும்வரை வைத்திருந்து பிறகு அளப்பது. அந்தச் சூழலில் சிகிச்சை பெறாத மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 12 சதவீதத்தில் நிலைக்கும். இந்தப் படியைத் தெளிவாகச் சொல்லாத எந்த ஆய்வின் எண்களையும் நம்பி மேலே செல்லக் கூடாது.

அடர்த்தியின் முப்படிக் கணக்கு

ஈரப்பதத்தைச் சரிசெய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மரம் பருத்து அடர்த்தி குறைவதால் ஒலிபரப்புக் குணகம் கூடாதா? கூடலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒலிபரப்புக் குணகத்தின் வர்க்கம், விறைப்பை அடர்த்தியின் முப்படியால் வகுத்ததற்குச் சமம். அடர்த்தி 5 சதவீதம் குறைந்தால், விறைப்பு 14 சதவீதம் வரை விழுந்தாலும் குணகம் பழைய நிலையிலேயே இருக்கும். அதற்கு மேல் விழுந்தால் நட்டம். அடர்த்தி 10 சதவீதம் குறைந்தால் எல்லை 27 சதவீதம்.

கேட்பதற்குத் தாராளமான எல்லை போலத் தோன்றும். ஆனால் இக்கணக்கில் தணிவுக்கு இடமில்லை. குணகம் தப்பித்தாலும், விரிசல்களின் உரசலால் தணிவு கூடியிருந்தால் ஒலி நீளாது. மூன்று எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் பிரான்சிஸ் ஷ்வார்ஸே நடத்திய பூஞ்சை ஆய்வை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஃபைசிஸ்போரினஸ் விட்ரியஸ் என்ற பூஞ்சையை ஸ்புரூஸில் மாதக்கணக்கில் வளரவிட்டு, அந்த மரத்தில் மைக்கேல் ரோன்ஹைமர் வயலின் செய்தார். 2009இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் திரைமறைவில் நடந்த இசைச் சோதனையில், 1711ஆம் ஆண்டின் ஸ்ட்ராடிவாரி வயலினும் இந்த வயலின்களும் வாசிக்கப்பட்டன. அவையோரில் மிகப் பலர் ஒன்பது மாதம் பூஞ்சை வளர்ந்த மரத்தின் வயலினையே சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருநாள் மேடையில் அவையோர் அளித்த வாக்கு அறிவியல் முடிவாகிவிடாது. ஆனால் வழிமுறை கவனத்துக்குரியது. பூஞ்சை செல் சுவரிலிருந்து பொருளையே எடுத்துவிடுகிறது. விறைப்பைத் தாங்கும் அமைப்பை விட்டுவைத்து எடையைக் குறைக்கிறது. நுண்ணலை பொருளை எடுப்பதில்லை, இருக்கும் பொருளை விலக்கி இடைவெளி உண்டாக்குகிறது. இரண்டிலும் அடர்த்தி குறைகிறது, ஆனால் விறைப்புக்கு நேர்வது ஒன்றல்ல.

உறிஞ்சும் பலகையாக மென்மரம்

நுண்ணலையின் உண்மையான வெற்றி இந்தப் பக்கத்தில் இருக்கிறது. திடமான மரப்பலகை தன்மேல் விழும் ஒலியாற்றலில் 10 சதவீதம்கூட உறிஞ்சாது, எஞ்சியதைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இவ்வளவு வெற்றிடம் இருந்தும் அந்த வெற்றிடங்கள் முகத்துக்குத் திறக்காததே காரணம். ஒலி உறிஞ்சப்பட வேண்டுமானால் காற்று குறுகிய வழிகளில் முன்னும் பின்னும் அசைந்து உராய வேண்டும். கிழிந்த குழிச் சவ்வும் உடைந்த கதிரும் திறந்த நுண்விரிசலும் அந்த வழிகளைத் தருகின்றன. நுண்ணலைச் சிகிச்சையால் மரத்தின் ஒலி உறிஞ்சும் திறன் உயர்வதைச் சீன ஆய்வாளர் குழு ஒன்று 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மருந்து ஏற்றுவதற்காக மெல்போர்னில் திறந்த அதே வழிகள்தான் இங்கே ஒலிக்கும் வழிவிடுகின்றன.

இதற்கும் எல்லை உண்டு. நுண்துளைப் பொருள் நன்றாக உறிஞ்ச, அதன் ஆழம் அலைநீளத்தின் கால்பங்கை நெருங்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது காற்றில் ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் பலகையைச் சுவரோடு ஒட்டிப் பதித்தால் உயர்ந்த அதிர்வெண்களில்தான் பலன் தெரியும். பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்று இடைவெளி விட்டால் பலன் கீழ் அதிர்வெண்களுக்கும் இறங்கும். கண்ணாடிக் கம்பளியின் உறிஞ்சுதிறனை மரத்திடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் இழை உதிராத, கண்ணுக்கும் கைக்கும் இனிய ஒரு சுவர்ப்பலகையாக, விரைவாக வளரும் தோட்டப் பைன் மரத்துக்கு இது புதிய மதிப்பைத் தரும்.

தொழில்நுட்பத்தின் பெரிய தடை சீரின்மை. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 12 சென்டிமீட்டர், ஈரமரத்துக்குள் அது இன்னும் சுருங்கும். அலைகள் ஒன்றோடொன்று மோதி ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைவதால், ஒரே பலகையில் ஒருபுறம் விரிசலும் மறுபுறம் மாற்றமின்மையும் நேரலாம். உள்ளே கருகியும் வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். இதனால்தான் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் மரத்தை வைத்துச் சோதிப்பது ஆபத்தானது. கருவியின் பாகங்களை அதில் வைப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது.

நம் கருவிகளுக்கு

கர்நாடக இசைமேடையில் இரு நூற்றாண்டுகளாக ஒலிக்கும் வயலினின் மேல்பலகை ஸ்புரூஸ்தான். அந்த வகையில் இந்த ஆய்வுகள் நமக்கும் நேரடித் தொடர்புடையவை. வீணையும் மிருதங்கமும் பலா மரத்தில் ஆனவை. பலா வன்மரம், அதில் நீர் ஓடும் வழிகள் வேறு, கதிர்களின் அமைப்பும் வேறு. ஸ்புரூஸில் கண்ட முடிவைப் பலாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. அதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

மென்மரத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு இது. மென்மையான நுண்ணலை உலர்த்துதல் ஸ்புரூஸின் ஒலியைக் கெடுப்பதில்லை, பெரிதாக உயர்த்துவதும் இல்லை. செறிவான நுண்ணலை நல்ல உறிஞ்சும் பலகையைத் தருகிறது, இசைப்பலகைக்கு அது தீங்கு. நுண்ணலையால் மரத்தின் ஒலி மேம்பட்டது என்று யாராவது சொன்னால் வாசகர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒலிக்கவா, உறிஞ்சவா? இரண்டு துண்டுகளையும் ஒரே ஈரப்பதத்தில் அளந்தீர்களா? தணிவின் எண் எங்கே? இம்மூன்றுக்கும் விடை தராத ஆய்வை நம்பி ஒரு கட்டையையும் அறுக்க வேண்டாம்.